நர்ஸ் தப்பு செய்தால் யார் விசாரிக்கணும்?

ஆஸ்பத்திரி வீடியோ ஏதாவது ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் குடும்ப குரூப்பில் யாராவது ஒருத்தர் "இந்த நர்ஸோட லைசென்ஸைப் புடுங்கணும்" என்று போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் என் சித்தப்பா. சரி சித்தப்பா, யார் புடுங்கணும், எங்கே போய்ப் புகார் கொடுக்கணும் என்று கேட்டால் "கலெக்டர்கிட்டதான்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சேலத்துத் தனியார் ஆஸ்பத்திரி வார்டுகளில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது நர்சிங் மாணவிகளை வார்டு வார்டாகக் கூட்டிக்கொண்டு அலைகிறவள் நான், என்னோடு வேலை பார்த்த சிஸ்டர்களில் பாதிப் பேருக்கே இதற்குப் பதில் தெரியாது.

பதில் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். நாங்கள் கவுன்சில் என்போம். வெள்ளைக்காரன் காலத்தில், 1926-ல் போட்ட சட்டத்தில் வந்தது. ஜி.என்.எம். என்ற பொது நர்சிங், பிரசவப் படிப்பு முடித்தாலும் சரி, பி.எஸ்சி. நர்சிங் முடித்தாலும் சரி, அங்கே பெயரைப் பதிந்து ஆர்.என்.ஆர்.எம். நம்பர், அதாவது பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற தாதி என்ற நம்பர் வாங்கினால்தான் சட்டப்படி நர்ஸ். நாம் லைசென்ஸ் லைசென்ஸ் என்கிறோமே, அது அந்தப் பதிவேட்டில் நம் பெயர் இருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை எழுதுகிற கவுன்சிலுக்கு, தொழிலில் ஒழுங்கீனமாக நடந்தது விசாரணையில் நிரூபணமானால் அதை அடித்துவிடவும் அதிகாரம் இருக்கிறது. டெல்லியில் இருக்கிற இந்திய நர்சிங் கவுன்சில் வேறு, அது 1947 சட்டத்தில் வந்தது, பாடத்திட்டம், தரம் இதெல்லாம் அவர்கள் வேலை. அந்த 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் தொழில் ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு வாரியம், மாநிலத்துக்கு மாநிலம் கமிஷன், பதிவு இல்லாமல் நர்ஸ் வேலை பார்த்தால் தண்டனை என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்திருப்பது ஒரு பக்கம். வார்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

பெரியாஸ்பத்திரி மாதிரி அரசு வேலையில் இருக்கிற நர்ஸ் மேல் புகார் வந்தால் மெமோ வரும். 17-ஏ என்றால் சின்னது, விளக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், இன்கிரிமென்ட் வெட்டு அளவில் முடியும். 17-பி என்றால் வயிற்றைக் கலக்கும், குற்றச்சாட்டு வாரியாக எழுதி, விசாரணை அதிகாரி போட்டு, வேலையே போகலாம். இவை அரசு ஊழியர் எல்லோருக்கும் பொதுவான விதிகள். ரெவின்யூ கிளார்க்குக்கும் இதேதான், வாத்தியாருக்கும் இதேதான். ஆபீஸுக்கு லேட்டாக வந்தாலும் 17-ஏ, மருந்து மாற்றிக் கொடுத்தாலும் 17-ஏ. அந்த விசாரணை கேட்பது இவர் ஒழுங்கான அரசு ஊழியரா என்று. இனிமேல் ஒரு நோயாளி பக்கத்தில் இவரை நிற்க விடலாமா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

தனியாரில் விசாரணை என்றால் மேனேஜர் ரூம். கதவில் எச்.ஆர். என்று எழுதியிருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் முதலாளி டாக்டரின் மச்சானாக இருப்பார். என் ஜூனியர் ஒருத்தி ஊருக்குள் இருக்கிற ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்து வந்த பேஷண்ட் வலி தாங்காமல் கத்துகிறார், டியூட்டி டாக்டர் ஓ.டி.யில் மாட்டிக்கொண்டார், இவள் பெரிய டாக்டருக்கே போன் போட்டாள், அவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு ஊசியின் பெயரையும் அளவையும் சொன்னார், இவள் போட்டாள். விடிவதற்குள் பேஷண்டுக்கு மூச்சு குறைந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை, தேறிவிட்டார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "நான் பாதி டோஸ்தானம்மா சொன்னேன்" என்றார். கேஸ் ஷீட்டில் போன் ஆர்டர் என்று நேரம் போட்டு எழுதி வைத்திருந்தாள். அவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் ரூமில் பத்து நிமிஷம். அந்த மாதச் சம்பளம் கிடையாது, நாளையிலிருந்து வரவேண்டாம், இத்தனை நாள் வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் முடியாததால் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் தர முடியாது. ஊரிலிருந்து அவள் அப்பா வந்து "ஐயா, பொண்ணு எதிர்காலங்க" என்று கை கட்டி நின்றதுதான் மிச்சம்.

அவள் மேல் தப்பு இருந்ததா? எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஏனென்றால் யாருமே விசாரிக்கவில்லை. போனில் என்ன சொன்னார், அந்த நேரம் அவளிடம் எத்தனை பேஷண்ட், கூட இன்னொரு சிஸ்டர் இருந்தாளா, போன் ஆர்டரை இரண்டு பேர் கேட்டுத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கணும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஏதாவது வழக்கம் இருந்ததா, டாக்டர் எத்தனை மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போடணும் என்று விதி இருந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. சாதாரண வார்டில் ஐந்து பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. ராத்திரியில் ஒரு மாடிக்கு ஒருத்தி என்பது நாங்கள் பார்த்த கணக்கு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வேறொரு இடத்தில் ஒருவர் வலி ஊசி ஆம்பியூல்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். பேஷண்டுக்குப் போட்டதாகச் சார்ட்டில் எழுதுவார், போடமாட்டார். காலி ஆம்பியூலை எண்ணி வாங்கும்போது கணக்கு உதைத்து மாட்டினார். போலீஸுக்குப் போனால் ஆஸ்பத்திரி பெயர் கெட்டுவிடும், லைசென்ஸ் பக்கம் டிரக்ஸ் ஆபீஸ்காரர்கள் வந்து நிற்பார்கள் என்று பயந்து "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள்! அடுத்த மாதமே ஐந்து ரோடு பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியில், அதே அலமாரிச் சாவி அவர் இடுப்பில். வலியில் துடித்த பேஷண்டுகளுக்கு யார் பதில் சொல்வது? அவர் பெயர் பதிவேட்டில் அன்றைக்கும் சுத்தமாக இருந்தது, கவுன்சிலுக்கு யாரும் ஒரு கடிதம்கூட எழுதவில்லையே.

என் ஆத்திரம் இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வருகிறது. தொழில் விசாரணை என்ற ஒன்று இருந்திருந்தால் முதல் பெண்ணுக்குப் பேச ஒரு இடம் கிடைத்திருக்கும், இரண்டாமவர் அடுத்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருக்க முடியாது.

அப்புறம் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் ஒன்று. நீங்கள் பார்க்கிற யூனிஃபார்ம் எல்லாம் நர்ஸ் கிடையாது. ஏதோ ஒரு மாடியில் இன்ஸ்டிட்யூட் நடத்தி, ஒரு வருஷம் இரண்டு வருஷம் 'நர்சிங் டிப்ளமோ' கொடுத்து அனுப்புகிறார்கள், கவுன்சிலில் பதிய முடியாத படிப்பு அது. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள், அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள், சேரும்போது அவர்களுக்கும் இது தெரியாது. சின்ன நர்சிங் ஹோம்களில் இவர்கள்தான் ஊசி போடுகிறார்கள், டிரிப் ஏற்றுகிறார்கள், பிரசவம்கூடப் பார்க்கிறார்கள். ஏன் என்றால் காசு. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைத்த குழு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது: 200 படுக்கைக்கு மேல் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. எங்கள் ஊரில் அந்த இருபதாயிரத்தைச் சொல்லி வேலை கேட்டுப் பாருங்கள், தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா என்பார்கள். பத்தாயிரத்துக்கு டிப்ளமோ பிள்ளை கிடைக்கும்போது பதிவு பெற்ற நர்ஸ் எதற்கு?

இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தப்பு செய்தால் கவுன்சில் என்ன செய்யும்? பதிவேட்டில் இல்லாத பெயரை எங்கிருந்து நீக்குவது? மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே மாநிலச் சட்டம் வந்தது, அதற்கு விதிகள் வர 2018 ஆனது. இருபது வருஷத்துக்கு மேல்! இணை இயக்குநர் ஆபீஸ்தான், அதாவது ஜே.டி. ஆபீஸ், இதைப் பார்க்கணும். ஆள் வைத்தவரைக் கேட்கிற இடம் அது. ஆனால் பிரச்சினை வந்தால் ஆஸ்பத்திரிக்காரர் "சிஸ்டர் பண்ணினது" என்று கை காட்டுவார், அந்தப் பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்கும்.

சரி, எது தப்பு, எது ஒழுங்கீனம்? மாணவிகளிடம் இதைப் பேச எனக்கு ஒரு முழு வகுப்பு தேவைப்படுகிறது. பல்ஸ் பார்க்காமலே விடியற்காலையில் உட்கார்ந்து ராத்திரி முழுவதற்கும் 80, 82, 80 என்று சார்ட்டில் நிரப்புவது கைத்தவறு இல்லை, பொய். லேபர் வார்டில் வலியில் கத்துகிற பெண்ணைத் தொடையில் அறைவது, "அன்னிக்கு இனிச்சுதா" என்று கேட்பது, இதைப் பல பேர் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சீனியர் செய்ததைப் பார்த்து ஜூனியரும் செய்கிறாள். குழந்தையைக் காட்டக் காசு கேட்பது. இப்போது புதிதாக, ஐ.சி.யூ. பேஷண்ட் பின்னால் தெரிய யூனிஃபார்மில் ரீல்ஸ். இதெல்லாம் தெரிந்தே செய்வது. களைப்பில், ஒரே மாதிரி இரண்டு பாட்டில் பக்கத்தில் இருந்ததால் கை மாறிப்போவது வேறு வகை. 2021-ல் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரியில் டிரிப் போட்ட ஊசியின் பிளாஸ்டரை எடுக்கப் போய், பிறந்து 14 நாளே ஆன குழந்தையின் கட்டைவிரல் கத்தரியில் துண்டாகிப் போனது ஞாபகம் இருக்கும். டி.வி.யில் அதைக் காட்டிக் காட்டிக் கொதித்தார்கள். கொதிக்க வேண்டிய விஷயம்தான், அந்தத் தாயை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும். ஆனால் நான் பார்த்த எந்த விவாதத்திலும் கவுன்சில் என்ற பேச்சே எழவில்லை. பச்சைக் குழந்தையின் கைப் பிளாஸ்டரைக் கத்தரியால் எடுக்கவே கூடாது, ஈரப்படுத்தி நிதானமாக உரிக்கணும் என்று அதைப் பார்த்த எத்தனை வார்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்?

இந்த இடத்தில் வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்லியே ஆகணும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், 2017 டிசம்பரில், ஒரு நர்ஸ் பதற்றத்தைக் குறைக்கும் மிடாசோலம் ஊசிக்குப் பதிலாக தசையைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியத்தை எடுத்துவிட்டார். அங்கே மருந்து அலமாரி கம்ப்யூட்டரில் ஓடும், முதல் இரண்டு எழுத்து தட்டினால் பெயர் வரும், மிடாசோலத்தை அங்கே வெர்செட் என்ற பிராண்ட் பெயரில் சொல்வார்கள், அதனால் இரண்டு மருந்தின் பெயரும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். பாட்டில் மேல் எச்சரிக்கை இருந்தும் கவனிக்கவில்லை. வயதான அந்தப் பெண்மணி இறந்துபோனார். நர்ஸ் அன்றைக்கே நான்தான் மாற்றிப் போட்டேன் என்று சொல்லிவிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்தார்கள். விஷயம் வெளியே வந்து, கிரிமினல் வழக்கும் போட்ட பிறகு, 2021 ஜூலையில் அதே மாநில நர்சிங் போர்டு லைசென்ஸை ரத்து செய்தது. 2022-ல் கோர்ட் குற்றவாளி என்றது, சிறை இல்லை, மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா, இனிமேல் எவர் தப்பை ஒத்துக்கொள்வார் என்று அந்த நாட்டு நர்சுகள் கேட்டார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், முதலில் என்ன முடிவு, பிறகு ஏன் மாறியது, எந்த விதி மீறப்பட்டது, எல்லாம் பொதுவில் இருக்கிறது, ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் படிக்க முடிகிறது. பிரிட்டனிலும் அப்படித்தான். எச்சரிக்கை என்றால் ஒன்று முதல் ஐந்து வருஷம், நிபந்தனையோடு வேலை என்றால் மூன்று வருஷம் வரை, சஸ்பெண்ட் என்றால் ஒரு வருஷம் வரை, பெயரை நீக்கினால் ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பக் கேட்கலாம். படிப்படியாக வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து அங்கே போகிற நம் பிள்ளைகள் கவுன்சிலில் 'குட் ஸ்டாண்டிங்' சர்டிபிகேட், அதாவது பதிவில் குறை ஒன்றும் இல்லை என்ற சான்று வாங்கப் போகும்போதுதான் தன் பெயர் மேல் ஒரு புகார் இருக்க முடியும் என்பதையே முதல்முறையாக யோசிக்கிறார்கள்.

மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் வேலை பார்க்கும் கிராம சுகாதார நர்சுகளோடு பேசினால் இந்த விதிப் புத்தகம் எல்லாம் வேறு மாதிரி தெரியும். ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே போய்விட்டால் காபி எஸ்டேட், மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள், சிக்னல் வந்தும் வராமலும். ராத்திரி ரோட்டில் காட்டெருமை. சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கணும் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நாளில் வலி எடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் டாக்டர் இல்லை, இவர்தான்.

இவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கு வராமல் இருக்க ஆக்சிடோசின் ஊசி போடலாம், பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஏ.என்.எம்.களுக்கு, அதாவது இவர் மாதிரித் துணைச் செவிலியர்களுக்கு, அரசு வழிகாட்டுதலிலேயே அனுமதி இருக்கிறது. பிரஷர் ஏறி வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸைப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றலாம். ஆனால் அதே ஆக்சிடோசினைக் குழந்தை பிறப்பதற்கு முன்னால், வலியைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாம் என்று போட்டால் அது வரம்பு மீறல், கர்ப்பப்பை கிழிந்து தாயும் பிள்ளையும் போகக்கூடிய விஷயம். மருந்து ஒன்றுதான், சில நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான் வித்தியாசம். "டவுன்ல ஏ.சி. ரூம்ல உக்காந்து விசாரிக்கிறவங்களுக்கு இந்த மழையும் இருட்டும் தெரியுமாக்கா?" என்று மலையில் ஒரு சிஸ்டர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் விசாரிக்கிறவர் கலெக்டராகவோ மேனேஜராகவோ இல்லாமல் இந்த வேலை தெரிந்த நர்ஸாக இருக்கணும் என்கிறேன். மழை எவ்வளவு பெய்தது, 108 எப்போது கூப்பிட்டாள், எந்த மருந்தை எந்த நிமிஷம் போட்டாள் என்று கேட்க அவருக்குத்தான் தெரியும்.

நர்ஸ் மேல் பரிதாபப்பட்டே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் பக்கத்து ராசிபுரத்திலிருந்து வந்த ஆடியோவை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பச்சைக் குழந்தைக்கு ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்று பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தது ஓய்வுபெற்ற ஒரு செவிலியர் உதவியாளர். பெண் சிசுக் கொலைக்காக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கிய மாவட்டம் எங்களுடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிரசவ அறைக்குள் நிற்கிறவரின் நேர்மை இங்கே எவ்வளவு பெரிய விஷயம்! கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொன்ன டாக்டருக்குத் தண்டனை ஆனால் மாநில மருத்துவ கவுன்சில் பதிவிலிருந்து முதல் தடவை ஐந்து வருஷம், மறுபடி செய்தால் நிரந்தரமாகப் பெயரை நீக்கணும் என்று 1994 சட்டத்திலேயே இருக்கிறது. அதே கூட்டத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் நர்ஸைப் பற்றிப் பேசும்போதும் ஜெயில், ஜாமீன் என்றுதான் கேள்விப்படுகிறோம். வெளியே வந்த பிறகு பதிவு என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை.

என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் "ஏனுங்க சிஸ்டர், இருக்கிற அடி பத்தாதா, நீங்களே போய் இன்னொரு பிரம்பு எடுத்துக் குடுக்கறீங்க" என்கிறார்கள். பிரம்பு ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கிறது சிஸ்டர். முதலாளி கையில், போலீஸ் கையில், செல்போன் வைத்திருக்கிற பேஷண்ட் வீட்டார் கையில். நான் கேட்பது, அடிப்பதற்கு முன்னால் நம் பக்கத்தைக் கேட்கிற ஒரு இடம். புகார் வந்தால் எழுத்தில் தெரிவிக்கணும், பதில் சொல்ல நாள் தரணும், முடிவைக் காரணத்தோடு வெளியிடணும். சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருக்கிற ஆஸ்பத்திரி மேல் நாம் புகார் கொடுக்கவும் அதே இடம் வேண்டும். அதுவரை ஜூனியர் பிள்ளைகளுக்கு நான் சொல்வது சாதாரண விஷயம்தான்: போன் ஆர்டர் வாங்கினால் பக்கத்தில் இருப்பவளையும் கேட்க வை, டாக்டரிடம் திருப்பிச் சொல்லு, நேரம் போட்டு எழுது, காலையில் கையெழுத்து வாங்காமல் ஹேண்டோவர் கொடுக்காதே. செய்யாததை எழுதாதே. ஒரிஜினலை எவரிடமும் கொடுக்காதே.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிஸ்டர், உங்க கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் என்ன என்று மரியாதையாகக் கேட்கலாம். பதிவு பெற்றவள் கோபப்பட மாட்டாள், பெருமையாகவே சொல்வாள். போன வருஷம் என் மாமியாரைக் கால் முறிவுக்குச் சேர்த்த இடத்தில், நான் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளாமல் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளை திருதிருவென்று முழித்துவிட்டு கீழே ஓடியது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரே மேலே வந்தார், கையில் எங்கள் பில்லோடு. "ஏனுங்க மேடம், நீங்க ஜே.டி. ஆபீஸுங்களா?" என்றார். இல்லைங்க, பேஷண்டோட மருமக என்றேன். அன்று சாயங்காலம் முதல் எங்கள் ரூமுக்கு வேறு சிஸ்டர் வந்தார், நாலாவது மாடியிலிருந்து இறக்கியிருந்தார்கள், உள்ளே நுழைந்ததும் கேட்காமலே நம்பரைச் சொன்னார். அந்த மாடியில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டேன், சிரித்துவிட்டு மாமியாருக்கு பி.பி. பார்க்க ஆரம்பித்தார்.